இரண்டாவது குரல்



இரு பெரும் நடிகர்கள் ஒரே காட்சியில் எதிரெதிரே நின்றால், வென்றவர் யார் என்று கேட்பது நம்மவர்க்குப் பழகிப்போன ஒன்று. தேநீர்க் கடையிலும் கேட்போம். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்போம். நானும் ஒருமுறை அப்படியொரு தீர்ப்புச் சொன்னேன். பிழையாகச் சொன்னேன். அதைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. கண்ணகை அம்மன் சடங்கு வந்தால் எங்கிருந்தோ ஒரு ஜெனரேற்றர் வரும், ஒலிபெருக்கி கட்டுவார்கள். இடையிடையே திரைப்படக் கதைவசனக் கசெற் ஓடும். 'திருவிளையாடல்' படத்தை நான் கண்ணால் கண்டது பல்கலைக்கழகம் போன பின்னர்தான். ஆனால் பத்து வயதிலேயே அதைக் கேட்டு முடித்திருந்தேன்.

1965 இல் வந்த அந்தப் படமே போட்டிகளால் ஆனது. ஏ.பி. நாகராஜன் இயக்கியதோடு நக்கீரராகவும் நடித்தார். சிவபெருமான், சிவாஜி கணேசன். தருமி, நாகேஷ். ஹேமநாத பாகவதர், டி.எஸ். பாலையா. பாகவதருக்காகப் பாடிய பாலமுரளிகிருஷ்ணாவின் குரலையும், விறகுவெட்டியாக வரும் சிவனுக்காகப் பாடிய டி.எம். சௌந்தரராஜனின் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். முன்னது வித்தையின் செருக்கு. பின்னது ஓங்கி ஒலிக்கும் எளிமை. கதையில் பாகவதர் தோற்கிறார். காதுக்கு இருவரும் தோற்கவில்லை.

நக்கீரர் காட்சி வேறுவகை. சிவாஜியின் குரல் படிப்படியாக ஏறுகிறது. நாகராஜனின் குரலோ தன் இடத்தில் ஊன்றி நிற்கிறது. அந்தக் குரல் அசையாததால்தான் இந்தக் குரலின் வெகுளி நமக்குத் தெரிகிறது. மோதுவதற்குக் கரை இல்லாவிட்டால் அலைக்கு ஏது ஓசை?

ஆனால் என் கதை தருமியைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நாடகப் போட்டிக்கு நடுவராகப் போனேன். தனிநடிப்பில் இருவர் முன்னின்றனர். ஒரு மாணவன் சிவனாக வந்து நக்கீரரிடம் சினந்தான். நல்ல உடை, நல்ல உயரம், கணீரென்ற குரல். மண்டபம் அதிர்ந்தது. மற்றவன் படுவான்கரையிலிருந்து வந்த மெலிந்த பையன். கோயிலில் தனியே நின்று புலம்பும் தருமியாக நடித்தான். சபை சிரித்தது. நான் முதற்பரிசைச் சிவனுக்குக் கொடுத்தேன். தருமிக்கு ஆறுதல் பரிசு.

வெளியே வந்தபோது அந்தப் பையனை அழைத்து வந்திருந்த முதியவர் என்னிடம் வந்தார். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"மாஸ்டர், குறை நினைக்கக் கூடாது. நீங்க கண்ணால கேட்டுப்போட்டீங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. பையனின் தோளில் கைவைத்து அழைத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு நாகேஷின் காட்சியை, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்தக் குரல் ஓரிடத்தில் விரைகிறது, ஓரிடத்தில் உடைகிறது, தன்னையே திட்டிக்கொள்கிறது. பொற்கிழி கிடைக்காவிட்டால் நாளை என்ன செய்வது என்ற வறியவனின் பதற்றம் அது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். நகை பிறக்கும் நிலைக்களன்களில் பேதைமை ஒன்று. அழுகை பிறக்கும் நிலைக்களன்களில் வறுமை ஒன்று. நாகேஷின் ஒரே குரலில் இரண்டும் இருக்கின்றன. அந்தப் பையனின் குரலிலும் இருந்தன. நான் நகையை மட்டும் கேட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். தருமி சிவனைச் சோதிக்கும் கேள்விகளில், சிவாஜி தம் குரலை அடக்கிக்கொண்டு விடைகளைச் சுருக்கமாகத் தருகிறார். அவ்வளவு பெரிய குரல் நாகேஷுக்கு இடம் விடுகிறது. இருவரில் வென்றவர் யார் என்ற கேள்வி அங்கே பொருளற்றுப் போகிறது.

நம் வடமோடிக் கூத்தில் இது புதிதல்ல. வட்டக்களரியில் கர்ணனும் அருச்சுனனும் வீரம் பேசி ஆடும்போது, அவர்கள் பாடிவிட்ட அடியைப் பின்னே நிற்பவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் நின்றுவிட்டால் கூத்தரின் மூச்சும் நின்றுவிடும். 1964 இல் வந்த 'கர்ணன்' படத்தில் கண்ணனின் முகம் என்.டி. ராமராவுடையது, தமிழ்க் குரல் கே.வி. சீனிவாசனுடையது. முகத்துக்கு விழுந்த மாலையில் பாதி அந்தக் குரலுக்கும் உரியதல்லவா? 1926 இலேயே 'மதங்க சூளாமணி' எழுதி நாடகத்தை ஆராய்ந்த விபுலானந்த அடிகள் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, நான் உயரத்துக்கும் உடைக்கும் பரிசு கொடுத்தேன்.

மறுவருடப் போட்டிக்கு அந்தப் பையன் வரவில்லை. விசாரித்தேன், தகப்பனோடு தோணியில் போகிறான் என்றார்கள். என் தீர்ப்புத்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். காரணமில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நடுவராக அமர்ந்தால், ஒவ்வொருவருக்கும் சிறிது நேரமாவது கண்ணை மூடிக்கொள்கிறேன். நித்திரை என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புகிறவன் துடுப்பை நீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைக்கிறான். அவன் வாவியைப் பார்ப்பதில்லை. நேயர்களே, உங்களுக்கும் இந்த வேளையில் என் முகம் தெரியாது. ஆகவே நீங்கள் என்னைவிட நல்ல நடுவர்கள்.