பிறந்த ஊரும் நாடக அரங்கும்



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நாம் பலகாலும் கேட்டறிந்த பழமொழி. பிற்காலப் பெருமையின் அறிகுறி பிள்ளைப் பருவத்திலேயே தோன்றிவிடும் என்று அதற்குப் பொருள் கூறுவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு அப்பொருளில் முழு உடன்பாடு இல்லை. முளையை மட்டும் பார்த்து விளைச்சலை அளக்க எந்த ஆசிரியராலும் இயலாது. ஆயினும் முளைக்கு மண் வேண்டும் என்பதில் ஐயமில்லை. புதுமை நாடகக் கலைஞர் ஒருவருக்கு அவர் பிறந்த ஊரே மண்ணாக அமைந்ததை இன்று காண்போம்.

அவர் ந. முத்துசாமி. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள புஞ்சையில் 1936ஆம் ஆண்டு பிறந்தவர். அவ்வூரின் பழம்பெயர் திருநனிபள்ளி. நற்றுணையப்பர் கோயில் கொண்ட தலம் அது. ஞானசம்பந்தர் தந்தையின் தோள்மீதமர்ந்து அங்குச் சென்றார் என்று பெரியபுராணம் கூறும்.

முத்துசாமி பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்; 'எழுத்து' இதழில் சிறுகதை எழுதினார். 'காலம் காலமாக' என்னும் நாடகம் 1968இல் 'நடை' இதழில் வெளிவந்தது. வண்ணத் திரைகளுக்கும் அடுக்குமொழி வசனத்திற்கும் பழகியவர்களுக்கு அது புதிராகவே இருந்தது.

ஆனால் அப்புதுமையின் வேர் பழைய ஊரில் இருந்தது. அவர்தம் கதைகளில் புஞ்சை மீண்டும் மீண்டும் வருகின்றது. இளமையிலேயே கைம்மை எய்திய பெண்ணொருத்தியின் வாழ்வைக் கூறும் 'நீர்மை' அத்தகையது. நாடகம் ஒன்றுக்கு 'நற்றுணையப்பன்' என்றே பெயரிட்டார். பெரியோர் பேச்சின் பொருளைச் சிறுவன் முழுதும் அறியான். அவர்தம் நடையை, கையசைவை, பேச்சிடையே விழும் மௌனத்தை நன்கறிவான். சொல்லினும் உடலுக்கே முதலிடம் தந்த இவரது அரங்கு, அச்சிறுவனின் பார்வையிலிருந்தே பிறந்தது என்பது என் கருத்து.

பின்னர்த் தெருக்கூத்தில் அவர் உள்ளம் ஈடுபட்டது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்துக் கலைஞர்களோடு தொடர்பு கொண்டார். 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவி, நடிகர்களின் உடலையும் குரலையும் பயிற்றுவித்தார். 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2018இல் மறைந்தார்.

போலந்து நாட்டுக் கலைஞர் ததேவுஷ் காண்டோரின் வரலாறும் இதனை ஒத்ததே. 1975இல் அவர் அரங்கேற்றிய 'இறந்த வகுப்பு' நாடகத்தில், முதியவர்கள் பள்ளிப் பெஞ்சுகளுக்குத் திரும்பி வருகின்றனர்; தம் பிள்ளைப் பருவத்தைப் பொம்மை உருவில் சுமந்து வருகின்றனர். 1980இல் அவர் படைத்த மற்றொரு நாடகத்திற்குப் பிறந்த ஊராகிய வியலோபோலேயின் பெயரையே சூட்டினார்.

அங்ஙனமாயின் இளமைக்காலமே கலைஞனை ஆக்கிவிடுகிறதா? இல்லை. புஞ்சையில் பிறந்தோர் பலர், முத்துசாமி ஒருவரே. கண்டதை மறவாமையும், கண்டதை வடிவாக்கும் பயிற்சியை இடைவிடாது மேற்கொண்டமையும் அவரை வேறாக்கின.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கட்டுரை எழுதச் சொன்னால், எங்கள் வில்லாபுரத்துப் பிள்ளைகள் பலர் தாம் காணாத இமயத்தைப் பற்றி எழுதுவர். தம் தெருவை எழுத நாணுவர். வயலாயிருந்த நிலம் வீதிகளானதையும், திண்ணையில் மல்லிகை தொடுக்கும் தாயின் விரல்கள் நூலைப் பாராமலே முடிச்சிடுவதையும் எழுதத் தகாதவை என்று எண்ணுவர். அந்த நாணம் வளர்ந்தால், கண்ட காட்சியும் மெல்ல மறைந்துவிடும். மறைந்தபின் எந்த நூலகமும் அதனைத் திருப்பித் தராது.

ஆகவே மாணவர்களே, வெளியுலகின் நூல்களை விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றோடு, இன்று உங்கள் தெருவில் கண்ட ஒருவரின் நடையைப் பத்து வரிகளில் எழுதி வையுங்கள். எழுதியதை அடுத்த ஆண்டு எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் மண் எது என்பதை அவ்வரிகளே உங்களுக்கு உணர்த்தும்.