பேச்சைக் காக்கும் இருபத்தொரு நாள்

மூளையின் நாடியொன்றின் சுவர் சில வேளைகளில் நலிந்து, குமிழ்போற் புடைத்து, திடீரென வெடித்துவிடுகிறது. இரத்தம் மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளுக்கிடையே பரவுகிறது. என்றுமே கண்டிராத தலையிடியோடு விழுந்த நோயாளி உயிர் தப்பி, இரண்டாம் நாளில் மனைவியோடு பேசவும் செய்கிறார். ஆபத்து நீங்கிற்றென்று வீட்டார் ஆறுதலடைகின்றனர். ஏழாம் நாளில் அவர் நாத் தடுமாறுகிறது. தண்ணீர் கேட்க எண்ணுகிறார், சொல் வரவில்லை.

சிந்திய இரத்தம் சிதையும்போது அயலிலுள்ள நாடிகள் இறுகுகின்றன. பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையே இது நேரும். பெரும்பாலோருக்குப் பேச்சை ஆள்வது இடது மூளை என்று பாரிஸ் நகர வைத்தியர் போல் புரோக்கா 1865இல் எடுத்துரைத்தார். அப்பகுதிக்கு இரத்தம் குறைந்தால் மொழி குன்றுகிறது.

நாடித் தசை சுருங்குவதற்குக் கல்சியம் வேண்டும். அது கலத்தினுட் புகும் வாயில்களை அடைக்கும் மருந்துகளுள் ஒன்று நிமோடிபின். பிரித்தானியாவில் 554 நோயாளரிடையே நடந்த சோதனையின் முடிவு 1989இல் வெளியாயிற்று. நான்கு மணிக்கொருமுறை 60 மில்லிகிராமாக 21 நாள் இம்மருந்து கொடுக்கப்பட்டது. வெற்றுக் குளிசை உண்டோரில் நூற்றுக்கு 33 பேருக்கு மூளைத்திசு மடிந்தது. மருந்துண்டோரில் 22 பேருக்கே அவ்வாறாயிற்று.

விந்தை என்னவெனில், இறுகிய நாடிகளை மருந்து பெரிதாக விரித்ததாகப் படங்கள் காட்டவில்லை. இரத்தம் குறைந்த நரம்புக் கலங்களுக்குள் கல்சியம் மிகையாகப் புகுந்து அவற்றை மாய்க்காதவாறு அது காக்கின்றது போலும்.

இருபத்தொரு நாளில் 126 வேளை மருந்து! நள்ளிரவில் தாதி எழுப்பும்போது, "உறங்குபவரை ஏன் வருத்துகிறீர்கள்?" என்று உறவினர் கடிந்துகொள்வதுண்டு. அவ்வேளையைத் தவறவிடலாகாது. இரத்த அமுக்கம் தாழ்கின்றதா என்பதையும் தாதியே கவனிக்க வேண்டும். மிகத் தாழ்ந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறைந்துவிடும்.

இழந்த பேச்சை மீட்டுத்தரும் குளிசை என்று இதனை எண்ணுவது தவறு. இன்னும் இழக்காத பேச்சுக்கே இது காவல். மூளைத்திசுவின் உள்ளேயே குருதி பெருகும் நோய்க்கு இதனால் இத்தகைய பயன் நிலைநாட்டப்படவில்லை. போன சொற்களைத் தேடித்தருவது பேச்சுப் பயிற்சி. மாதக்கணக்கில் நீளும் வேலை அது. கிண்ணத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் விழிக்கும் ஒருவர், பழகிய பாட்டின் அடியைத் தடங்கலின்றிப் பாடிவிடுவதுண்டு. ஆதலாற் சில பயிற்றுநர், அன்றாடச் சொற்றொடர்களை இராகமிட்டுப் பாடுவித்தே பேச்சுக்கு அழைத்து வருகின்றனர்.