தராசை மாற்ற வருகிறார்கள்

(ஹட்டனில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே இங்கு வந்து நிற்கும் சகோதரிகளே!

என் அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய் கொழுந்து மடுவத்து வாசலில் நிற்பேன். அம்மாவின் கூடை தராசில் ஏறும். முள் பதினெட்டில் வந்து நிற்கும். புத்தகத்தில் பதினைந்து என்று விழும். கூடைக்கு ஒன்று, மழை ஈரத்துக்கு ஒன்று, முற்றல் இலைக்கு ஒன்று. ஒருநாள் கேட்டேன், "ஏம்மா ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று. அம்மா சொன்னார்: "எடுக்கிறது நாம, நிறுக்கிறது அவங்க."

அது எந்தத் தோட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த மடுவத்து வாசலில் நின்றவர்கள்தான்.

தேர்தல் முறை என்பதும் தராசு. வாக்குப் போடுவது நாம். அந்த வாக்கு எத்தனை ஆசனமாக எடை காட்டும், அதில் எவ்வளவு கழிவு போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்த முறை. இப்போது கொழும்பில் மறுபடியும் பேச்சு எழுந்திருக்கிறது. விகிதாசாரம் சரியில்லை, பழையபடி தொகுதிக்குப் போவோம் என்கிறார்கள். முழுக்கப் போகாவிட்டால் பாதிக்குப் பாதி, கலப்பு முறைக்காவது போவோம் என்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள், நல்ல நோக்கத்தோடும் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். முதலில் அந்தப் பழைய தராசு எப்படி நிறுத்தது என்று பார்ப்போம்.

1970ஆம் ஆண்டுத் தேர்தல். யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிக்கு 18 இலட்சத்து 92 ஆயிரம் வாக்கு. கைச் சின்னத்து சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 18 இலட்சத்து 40 ஆயிரம். யானைக்குத்தான் வாக்கு அதிகம். ஆனால் யானைக்குக் கிடைத்தது 17 ஆசனம், கைக்குக் கிடைத்தது 91. கூட்டணிக் கட்சிகளுக்குத் தொகுதிகளை விட்டுக் கொடுத்ததால் சுதந்திரக் கட்சி குறைந்த இடங்களில்தான் நின்றது, அது உண்மை. சரி, கூட்டணி மொத்தத்தையும் சேர்த்தே நிறுப்போம். அப்போதும் நாட்டின் வாக்கில் பாதியைத் தொடவில்லை. ஆசனமோ 151இல் 116. பாதிக்குக் குறைந்த வாக்கு, மூன்றில் இரண்டுக்கு மேல் பலம். அந்தப் பலத்தில்தான் 1972இல் புது யாப்பு எழுதினார்கள். சிறுபான்மைக்குக் காப்பாக சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு அன்றைக்குத்தான் போனது.

ஏழு வருடத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 வீதம் வாக்கு, 168இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு 30 வீதத்தை ஒட்டிய வாக்கு, வெறும் 8 ஆசனம். அந்த 140ஐ என்ன செய்தார்கள்? 1982இல் ஒரு சர்வசன வாக்கெடுப்பை வைத்து, பொதுத் தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். அடுத்த பொதுத் தேர்தல் 1989இல். 1977இல் கைக்குழந்தையாக இருந்தது, அடுத்த பொதுத் தேர்தலில் தாய்க்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக வரிசையில் நின்றது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். "அதே 1977இல்தானே தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம் வந்தது? அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தொகுதி முறை தமிழருக்கு நல்லதுதானே?" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே மண்ணில் திரண்டு வாழ்பவர்களுக்குத் தொகுதி முறை ஆசனம் கொடுக்கும். ஆனால் எதிரில் 140 பேரை உட்கார வைத்துவிட்டு 18 பேரால் எதைத் தடுக்க முடிந்தது? 1983இல் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யக் கேட்டு யாப்பின் ஆறாவது திருத்தம் வந்தபோது கூட்டணியின் ஆசனங்களும் கையைவிட்டுப் போயின. சிதறி வாழ்கிற நமக்கு அந்த முறை ஆசனத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

என் அப்பாயி 1947இல் வாக்குப் போட்டார். அந்தத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறு வருடம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் வாக்காளர் இடாப்பிலிருந்து நம் பெயர்கள் போயின. அப்பாயி அதற்குப் பிறகு புள்ளடி போடவே இல்லை. நாடற்றவராகவே கண்ணை மூடினார். 1952 தேர்தலில் மலையகத்து மக்களின் ஆள் என்று ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மறுபடி ஒருவர் வாக்கில் தெரிவாகி உள்ளே போக 1977 ஆனது.

அந்த 1977இல் எப்படிப் போனார் என்பதைக் கவனியுங்கள். நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான் ஆகிய மூன்று பேர் தெரிவானார்கள். மூன்று பேரும் மூன்று கட்சி. ஒருவர் மட்டும் வெல்கிற தொகுதியாக அது இருந்திருந்தால், மூன்றாவதாக வந்த தொண்டமான் வீட்டுக்குத்தான் போயிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்புவேன்.

விகிதாசாரம் வந்த பிறகு என்ன நடந்தது? ஒரு கட்சி ஆசனம் பெறத் தேவையான வாக்கின் வெட்டுப்புள்ளியை 1988இல் பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாக இறக்கினார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் மர்ஹூம் அஷ்ரப் போராடி வாங்கியது அது. சிறிய கட்சிகளுக்குக் கதவு திறந்தது. நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனத்தில் 2015இல் ஐந்து தமிழர், 2020இலும் ஐந்து தமிழர். கண்டி மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இந்த மலையில் ஒரு லயம் என்றால் அடுத்தது பல மைல் தள்ளி. எந்த ஒரு தொகுதியிலும் நமக்குப் பெரும்பான்மை கிடையாது. ஆனாலும் 2015இலும் 2020இலும் அங்கிருந்து தமிழரான வேலுகுமார் பாராளுமன்றம் போனார். மாவட்டம் முழுவதும் உதிரியாகக் கிடந்த வாக்கை ஒரே சாக்கில் கொட்டி நிறுத்ததால் கிடைத்த ஆசனம் அது. தொகுதித் தராசில் அந்த உதிரி வாக்கு ஒவ்வொரு இடத்திலும் கழிவாகத்தான் போயிருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் நியாயத்துக்கு வருகிறேன்.

கட்சிப் பட்டியலில் தனி வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு நம்மைச் சீரழித்திருக்கிறது. இதை நான் மறைக்க மாட்டேன். ஒரே கட்சியில் ஒரே படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் இரவில் ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழிக்கிறார்கள். எதிர்க்கட்சியை விட்டுவிட்டுச் சொந்தக் கட்சிக்காரனின் இலக்கத்தோடு சண்டை. மாவட்டம் முழுவதும் ஓடவேண்டும், அதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுப்பவன் பிறகு சும்மா இருப்பானா? வென்று வந்தவர் எந்த ஊருக்குப் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. லயத்தின் கூரை பறந்தால் எந்த உறுப்பினரின் வாசலில் போய் நிற்பது?

ஒரு தேர்தல் காலையில், வாக்களிப்பு நிலையத்துக்குப் போகும் வழியில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு தூறலில் நடந்தார். விரித்துக் காட்டினார். கொழுந்துக் கறை ஏறிய கறுத்த கையில் நீலப் பேனாவால் மூன்று இலக்கம். அதில் ஒன்று மழையில் கரைந்து, 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. "இது என்னாப்பா தம்பி?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லவும் கூடாது. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே விருப்பு வாக்கைத் திருத்துங்கள். தோற்றவர்களைக் கொல்லைப்புறத்தால் உள்ளே கொண்டுவர தேசியப் பட்டியலைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இரண்டுக்கும் நான் கை உயர்த்துகிறேன். ஆனால் பேன் இருக்கிறது என்று தலையையே கொய்யச் சொல்லாதீர்கள்.

இன்னொரு வாதம்: விகிதாசாரத்தில் நிலையான ஆட்சி வராதாம். இதை நான் ஏற்கவே மாட்டேன். ஆளும் கட்சிக்கு 2010இல் 144 ஆசனம், 2020இல் 145 ஆசனம், 2024இல் 159 ஆசனம். மூன்றும் விகிதாசாரத்தில் வந்தவை. 145 ஆசனத்தோடு வந்த ஆட்சி இரண்டு வருடத்துக்குள் நாட்டைக் கடன் கட்ட முடியாத நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. நாம் எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்றது ஆசனம் குறைந்ததால் அல்ல. கேள்வி கேட்க ஆள் குறைந்ததால்.

கலப்பு முறையை ஏற்கனவே சோதித்தும் பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல், வட்டாரத்துக்கு 60 வீதம், பட்டியலுக்கு 40 வீதம். ஒரு கட்சி தன் விகிதத்தை மீறி வட்டாரங்களை வென்றுவிட்டால் கணக்கைச் சரிக்கட்ட சபையையே பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கம் ஒருபுறமிருக்க, புதிய முறையிலேயே நாடு முழுவதும் 4,500 அளவில் இருந்த உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது. சில சபைகளில் தலைவரைத் திருவுளச்சீட்டில் தெரிவு செய்தார்கள். பெண்களுக்குச் சட்டம் ஒதுக்கிய 25 வீதம் நடைமுறைக்கு வந்தது அந்தத் தேர்தலில் நடந்த நன்மை, அதை மறக்கக்கூடாது.

தொகுதி என்றால் எல்லைக்கோடு. கோட்டை யார் போடுவார்கள்? நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகளில் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை அடைத்து வைத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டுக் களைத்து, 2018 தேர்தலுக்கு முன்னர்தான் அந்த இரண்டு ஆறானது. நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியின் வாக்காளருக்கு, மாவட்டத்தின் மற்ற மூன்று தொகுதிகளையும் சேர்த்தாலும் ஈடாகாது. நாம் இருக்கிற இடத்தில்தான் கோடு இப்படி வளைகிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது மாகாண சபை. 2017 செப்டெம்பரில் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கு என்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள் திருத்தங்களைச் செருகி, தேர்தல் முறையையே பாதிக்குப் பாதி கலப்பாக மாற்றி, அன்றைக்கே நிறைவேற்றினார்கள். நம்முடைய உறுப்பினர்களும் ஆதரவு கொடுத்தார்கள். அதை இந்த மேடையில் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கு இல்லை, எதிராக 139. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். புது முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. ஒன்பது மாகாணத்தில் ஒன்றிலும் 2014க்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநர்கள் ஆள்கிறார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் தராசைக் கழற்றி வைத்துவிட்டு, கொழுந்தை நிறுக்காமலே விட்டிருக்கிறார்கள்.

நியூசிலாந்தில் இதே கேள்வி எழுந்தது. அங்கே 1992இலும் 1993இலும் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்துவிட்டுத்தான் மாற்றினார்கள். 2011இல் மறுபடியும் கேட்டார்கள், வைத்துக்கொள்வோம் என்றார்கள் மக்கள். நம்மிடம் யார் கேட்டார்கள்?

மாற்றினால் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். முதல் இருவருக்கும் போகாத வாக்கு 33 இலட்சம். அதிலிருந்து அந்த இருவருக்கும் சேர்த்து மாறி வந்தது 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். 1, 2, 3 என்று எழுதும் உரிமை 1978 யாப்பிலிருந்தே நம் சீட்டில் இருக்கிறது. லயம் லயமாகப் போய் அதை விளக்கியவர்கள் எத்தனை பேர்?

அப்படியானால் நீ கேட்பது என்ன என்று கேட்பீர்கள். விகிதாசாரம் இருக்கட்டும். பெரிய மாவட்டங்களை உடையுங்கள். மூன்று பேர், நான்கு பேர், ஐந்து பேர் தெரிவாகும் சிறிய பல அங்கத்தவர் தொகுதிகள் ஆக்குங்கள். ஓடவேண்டிய தூரம் குறையும், செலவு குறையும், கூரை பறந்தால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். 1977இல் இதே மலையில் மூன்று கட்சிக்காரர் ஒரே தொகுதியில் தெரிவானார்களே, அதுதான் அதற்கு அத்தாட்சி. குறையும் இருக்கிறது: மூன்று ஆசனத் தொகுதியில் நாலில் ஒரு பங்கு வாக்காவது இல்லாதவர்கள் வெளியே நிற்க நேரும். கண்டித் தமிழரின் வாக்கு அந்தக் கால்பங்கைத் தொடாது. ஆகவே தொகுதியில் ஆசனமாக மாறாத வாக்கைத் தேசிய மட்டத்தில் கூட்டி ஆசனம் கொடுக்கும் ஏற்பாடும் கூடவே வேண்டும். இதையும் மக்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், ஒரே நாளில் அல்ல.

அதற்கு வருடங்கள் பிடிக்கட்டும். மாகாண சபைத் தேர்தலுக்கு இனி ஒரு வருடமும் பிடிக்கக்கூடாது. பழைய விகிதாசாரத்திலேயே நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் போதும். அரசாங்கத்திடம் 159 பேர் இருக்கிறார்கள்.

மேடைக்குக் கீழே இடது பக்கத்து மேசையில் மூன்று கொப்பிகள் இருக்கின்றன. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மூன்றிலும் ஒரே வாசகம்தான்: மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறியுங்கள். வாசித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வாசிக்க முடியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் கொண்டுவந்திருக்கிறோம். மழை வலுக்கப் பார்க்கிறது, தாய்மார் முதலில் வாருங்கள்.