வில்லும் வண்டியும்

என் தங்கையின் மகன் தன்னுடைய பழைய ஜீப் வண்டியை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும் என்று விரும்பினான். பட்டறைக்குக் கொண்டுபோகாமல், தன் வீட்டு முற்றத்திலேயே, தன் கையாலேயே அதைச் செய்துவிடலாம் என்றும் எண்ணினான். மூன்று அங்குலம் என்பது ஓர் உயரமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்த மூன்று அங்குலத்துக்குள் பௌதிகப் பாடம் பாதி அடங்கிக் கிடக்கிறது என்பதைப் பிறகுதான் இருவரும் கண்டோம்.

அவனுடைய ஆசைக்குக் காரணம் இருந்தது. புதுவையில் ரெயின்போ நகரை அடுத்த தெரு ஒன்றில் அவர்கள் வீடு இருக்கிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலான மழை கொட்டிற்று. கிருஷ்ணா நகரில் இராணுவத்தினர் படகு கொண்டு வந்து மக்களை மீட்டனர். தெருவில் நின்ற மோட்டார் வண்டிகளெல்லாம் குளத்தில் இறங்கிய எருமைகளைப் போல முதுகு மட்டும் தெரிய நின்றன. தங்கை மகனின் ஜீப்பும் அவற்றுள் ஒன்று. அந்தக் காட்சியைக் கண்ட எவருக்கும், வண்டி இன்னும் சற்று உயரமாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றத்தான் செய்யும்.

வண்டியை உயர்த்துவதென்றால் எதை உயர்த்துவது? சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் வில்லைத்தான். இந்தச் சொல் நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் கட்டை வண்டி, வில்வண்டி என்று இரண்டு வகை சொன்னார்கள். கட்டை வண்டியில் அச்சின்மேல் நேரே பாரம் ஏறும். பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் ஏறியிருப்பவனின் முதுகெலும்போடு பேசும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து வைத்தார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெண்டிரும் பிள்ளைகளும் போவது அதில்தான். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804இல் கோச்சு வண்டிகளுக்கு இத்தகைய நீள்வட்ட வில்லை அமைத்து உரிமை பெற்றார். அதற்கும் முன்பே, 1678இல், ராபர்ட் ஹூக் என்னும் விஞ்ஞானி, வில் எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அந்த அளவுக்கு வளையும் என்ற விதியை வெளியிட்டிருந்தார். இரட்டைப் பாரம் வைத்தால் இரட்டை வளைவு. நீங்கள் பள்ளிச் சோதனைச் சாலையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு வரைபடம் வரைகிறீர்களே, அதே விதிதான் ஜீப்பின் அடியிலும் ஆட்சி செய்கிறது.

புதுவையைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சுக்காரரை விட்டுவிட முடியாது. சித்ரோயன் நிறுவனத்தார் 1948இல் ஒரு சிறு மோட்டார் வண்டியை வெளியிட்டார்கள். கூடை நிறைய முட்டைகளை வைத்துக்கொண்டு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டையும் உடையக்கூடாது என்பது அதை வகுத்தவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அதே நிறுவனம் 1955இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய மற்றொரு வண்டியில் எஃகு வில்லே இல்லை. வாயுவும் எண்ணெயும் சேர்ந்து வில்லாக வேலை செய்தன. ஓட்டுபவர் உள்ளே இருந்தபடி ஒரு நெம்புகோலைத் தள்ளினால் வண்டி தானே எழுந்து நிற்கும். கரடுமுரடான பாதையில் உயர்த்திக்கொள்ளலாம். நல்ல சாலையில் தாழ்த்திக்கொள்ளலாம். என் தங்கை மகனுக்கு வேண்டியிருந்ததும் அந்த வரந்தான். ஆனால் அவனிடம் இருந்தது ஜீப். யுத்த காலத்து அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்தது. 1945இல் தொடங்கப்பெற்ற மஹிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல்லாண்டுகள் கட்டி விற்ற இனம். முன்னும் பின்னும் கனத்த அச்சு. நான்கு மூலையிலும் பட்டை வில். இதைவிட எளிய அமைப்பு வேறில்லை. எளிமையாக இருப்பதனாலேயே, எவனும் கை வைக்கலாம் என்ற துணிச்சலும் பிறந்துவிடுகிறது.

நான் போன அன்று அவன் வேலையைத் தொடங்கியே விட்டான். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். ஒரே ஒரு ஜாக்கியின் மேல் வண்டி நின்றது. முற்றத்தில் கடற்கரை மணல், அதன்மேல் ஒரு செங்கல், செங்கல்லின்மேல் ஜாக்கி. துருப்பிடித்த யு போல்ட்டுகளைப் பார்க்க அவன் அடியில் படுக்கப் போனான்.

“சக்கரத்தை எடுத்து வந்து சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போ” என்றேன்.

“ஐந்து நிமிட வேலைதானே மாமா” என்றான். ஆனாலும் பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தை உருட்டி வந்து அடியில் கிடத்தினான். பிறகு ஸ்பானர் எடுக்க உள்ளே சென்றான். அவன் திரும்பி வருவதற்குள் செங்கல் ஒருபுறமாக மணலில் அமிழ்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, ஏறத்தாழ ஒரு டன் இரும்பு இறங்கி அந்தச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது. வாசற்படியில் ஸ்பானருடன் அவன் நின்ற நிலையை நான் இன்னும் மறக்கவில்லை. சக்கரம் அங்கே இல்லாதிருந்தால், அவன் அங்கே இருந்திருந்தால்! இதற்குமேல் நான் சொல்ல விரும்பவில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரிய கருவி, தாங்குவதற்கு உரியதன்று. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் தனியே உண்டு. அவை நிற்க வேண்டிய இடம் சிமெண்டுத் தரை.

அன்று அதற்குமேல் வேலை நடக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

முதற் கேள்வி: வில்லை உயர்த்தினால் எது உயரும்? வில்லுக்கு மேலே இருப்பவை உயரும். கீழே இருப்பவை உயரமாட்டா. அச்சின் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய குண்டு இருக்கிறதே, டிஃபரென்ஷியல், அது தரையிலிருந்து முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் முதலில் மோதுவது அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலந்தான் எழும்பும். அப்படியானால் வில்லை உயர்த்துவோர் ஏன் உயர்த்துகிறார்கள்? பெரிய டயருக்கு இடம் உண்டாகும். மேடு பள்ளங்களில் உடல் இடிக்காது. செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மண்ணைத் தொடாது. மலைக்காட்டிலும் பாலைவனத்திலும் இவை பெரிய நன்மைகள்தாம். புதுவைத் தெருவில்?

வெள்ளத்துக்கு உதவுமே என்றான் அவன். அதையும் கணக்கிட்டோம். அடித்தளம் 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட, நீர் புகாத ஒரு பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். நீர் அடித்தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினால் 450 லிட்டர் நீர் விலகுகிறது; அதாவது 450 கிலோ எடை சக்கரங்களை விட்டு நீங்குகிறது. நீர் 30 சென்டிமீட்டர் ஏறினால் 1,350 கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி வண்டி படகாகிவிடும்! சக்கரம் சாலையைப் பற்றாது. நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். திறந்த ஜீப்பில் நீர் உள்ளே புகுந்துவிடுவதால் மிதப்பு குறையும். ஆனால் எஞ்சின் மூச்சு விடும் குழாய் வழியாக நீர் நுழைந்தால் எஞ்சின் அக்கணமே பாழ். அந்தக் குழாயின் வாய் மூன்று அங்குலம் உயர்வதால், இடுப்பளவு வெள்ளம் வந்த தெருவில் என்ன பயன்? அந்த இரவில் வண்டியை மேட்டுப் பாங்கான வேறொரு தெருவில் நிறுத்தியிருந்தால் அது நனைந்திருக்காது. இதை நான் சொன்னபோது அவன் முகம் வாடியது. எனக்கே சற்று வருத்தமாயிருந்தது.

இரண்டாவது கேள்வி சாய்வு. வில்லிஸ் ஜீப்பின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 49 அங்குலந்தான், பாதி 24.5. அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 26 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 24.5ஐ 26ஆல் வகுத்தால் 0.94. வண்டி கவிழாமல் தாங்கக்கூடிய பக்கச் சாய்வு சுமார் 43 பாகை. வில் மூன்று அங்குலம் உயர்ந்தால் அச்சும் சக்கரமும் உயராமையால் மையம் இரண்டரை அங்குலம் உயர்கிறது என்று கொள்வோம். இப்போது 0.86, சாய்வு சுமார் 41 பாகை. இது அற்பம் என்று தோன்றும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியைக் கவிழ்க்க வேண்டிய விசை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு உயர்ந்த உடல் வளைவில் கூடுதலாக ஆடிச் சாயும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால், அந்த 9 விழுக்காடு வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஒன்றை உயர்த்தினால் மற்றவை சும்மா இருப்பதில்லை. எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாப்டின் கோணம் செங்குத்தாகி, மூட்டுகள் நடுங்கித் தேயும். பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங் தண்டு சாய்ந்துவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகவே ஒருபுறம் திரும்பப் பார்க்கும். முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர் கண் கூசும். ஆகவே தேர்ந்தோர் இவ்வேலையைச் செய்யும்போது நீண்ட ஷாக் அப்சார்பர், நீண்ட பிரேக் குழாய், அச்சின் கோணத்தைத் திருத்தும் ஆப்பு எல்லாம் சேர்த்தே மாற்றுவார்கள். வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தும் மலிவான முறை ஒன்றும் உண்டு. அதைப் பின்புறம் செய்வதுண்டு, முன்புறம் செய்தலாகாது. பிரேக் பிடிக்கும்போது முன் அச்சு முறுக்கிக்கொள்ளும் வேகத்தில் கட்டை நழுவினால், ஸ்டியரிங் எதற்கு இருக்கிறது?

இவற்றுக்கெல்லாம் மேலாகச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சொந்த வண்டியில் நான் எதையும் செய்வேன் என்று சொல்ல முடியாததன் காரணம் எளியது. வண்டி சொந்தம், சாலை சொந்தமன்று.

இவ்வளவும் கேட்டபின் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், அச்சிலிருந்து சட்டம் வரை நான்கு மூலைகளிலும் அளந்தான். ஓட்டுபவர் அமரும் வலப்புறம், இடப்புறத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது! குனிந்து பார்த்தோம். வில்கள் வில்லாக இல்லை, பலகையாகக் கிடந்தன. எஃகும் ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்தால் களைத்துப்போகும். அவன் தேடிய உயரத்தில் ஒரு பகுதி புதிதாகப் பெற வேண்டியதன்று; இழந்ததை மீட்க வேண்டியது.

பழைய பட்டைகளை உலையில் காய்ச்சி அடித்து வளைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது தவறான யோசனை. வில்லின் எஃகு செந்தழலாகக் காய்ச்சப்பட்டு, சட்டெனக் குளிர்விக்கப்பட்டு, மீண்டும் அளவாகச் சூடேற்றப்பட்டுத்தான் தன் மீள்சக்தியைப் பெறுகிறது. கொல்லன் உலையில் அதைச் சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் அந்தக் குணம் போய்விடும். அது வளையும்; திரும்பி எழாது. ஆகவே அந்த ஜீப்புக்கு உரிய அளவிலேயே புதிய பட்டைகள் வாங்கினான்.

வேலை ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது. இம்முறை நண்பர் ஒருவர் வீட்டுச் சிமெண்டுத் தளத்தில். கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகளுக்கு வெள்ளிக்கிழமை மாலையே எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். சட்டத்தை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சை மட்டும் ஜாக்கியில் ஏந்தி, ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழற்றி, யு போல்ட்டுகளை அவிழ்த்து, பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டே அச்சை மெல்ல இறக்கினோம். பழைய வில் வெளியே வந்தது. புதிய வில்லின் நடு போல்ட்டு அச்சின் குழியில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தான். யு போல்ட்டுகள் புதியவை; ஒருமுறை இறுகி நீண்டதை மறுபடி நம்பக்கூடாது. வில்லின் இரு கண்களிலுமுள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் இறங்கித் தன் எடையைத் தானே தாங்கிய பிறகுதான் முழுதும் இறுக்கினான். அந்தரத்தில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே வாழ்ந்து விரைவில் கிழியும். இந்த ஒரு விஷயம் அவன் தானாகவே யோசித்துச் சொன்னது.

நான்கு மூலைகளையும் மறுபடி அளந்தபோது வலமும் இடமும் சமமாயின. வண்டி முன்னைவிட ஒன்றரை அங்குலம் உயர்ந்து நின்றது. இரவில் அதைச் சுவருக்கு எதிரே நிறுத்தி முகப்பு விளக்கின் ஒளியைச் சரிசெய்தான். இரண்டு வாரம் சென்று செஞ்சி வரை போய் வந்தான். திரும்பியதும் முதல் வேலையாக யு போல்ட்டு நட்டுகளில் ஸ்பானரைப் போட்டான். ஒவ்வொன்றும் கால் சுற்றுத் திரும்பிற்று.