ஊர்ச் செய்தியை யார் எழுதுவது?



சென்னையில் மழை பெய்தால் வேளச்சேரியில் எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்பது பினாங்கின் ஜோர்ஜ்டவுனில் இருக்கும் நமக்குச் சற்று நேரத்தில் தெரிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் நடந்த விபத்து, லண்டனில் திறந்த தோசைக் கடை, கோடம்பாக்கத்துக் கல்யாணம் எல்லாம் கைப்பேசிக்குத் தானாக வந்து சேர்கின்றன. ஆனால் போன மாதம் நம் பினாங்கு மாநகர் மன்றம் என்ன முடிவெடுத்தது, லிட்டில் இந்தியா கடைக்காரர்களைப் பற்றி அங்கே யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால், தமிழில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? பத்திரிகைத் தொழில் உலகமயமாகிவிட்டது, கணினிமயமாகிவிட்டது என்று பேசுகிறோம். அந்த மாற்றத்தை இந்தக் கேள்வியை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

கடல் தாண்டி வரும் செய்தி பினாங்குக்குப் புதிதில்லை. மலாயாவின் முதல் செய்தித்தாள் 1806இல் இந்தத் தீவில்தான் அச்சானது. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழை இங்கிருந்து நடத்தினார். 1903இல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆங்கில நாளேடு வந்தது. 1910இல் சுன் யாட் சென்னும் அவருடைய தோழர்களும் ஆர்மேனியன் தெருவிலிருந்து தொடங்கிய ‘குவோங் வா ஜிட் போ’ சீன நாளேடு இன்றும் வருகிறது. துறைமுக ஊர் இது. கப்பல் வந்தால் செய்தியும் வரும். வெளியூர்ச் செய்தியும் உள்ளூர்ச் செய்தியும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குப் பத்திரிகையாளர்களில் நான் மிகவும் மதிக்கும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கொழும்பு மாநகர முதல்வராக இருந்த ரட்ணசோதி சரவணமுத்துவின் சகோதரர். 1930களில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வின் ஆசிரியர். ஊரார் அவரைச் சுருக்கமாக ‘சாரா’ என்பார்கள்.

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். சில நாளில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் எழுந்த ஊருக்கு அரசாங்கம் இல்லை, போலீஸ் இல்லை. அப்போது பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்குச் சாரா தலைமை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்க வைத்தார். பிறகு பினாங்கு வானொலியில் பேசி, பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இந்த நகரில் எதிர்த்துப் போரிட யாரும் இல்லை, குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கே தெரிவித்தார். 19ஆம் தேதி ஜப்பானியப் படை சண்டையின்றி ஊருக்குள் வந்தது. பின்னாளில் அதே ஜப்பானியர் அவரைச் சிறையிலும் வைத்தார்கள்.

அந்த ஒலிபரப்பை நான் ஒரு செய்தியாகவே பார்க்கிறேன். சில வாக்கியங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் சரிபார்க்கக்கூடிய உண்மை. சொன்னவர் சொந்தப் பெயரில் சொன்னார், சொல்லிவிட்டு ஊரைவிட்டு ஓடவில்லை. கோட்டையில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது, அவர் இங்கேயே இருந்து நடந்து பார்த்ததால்தான். கடலுக்கு அப்பால் பேசக்கூடிய நவீனக் கருவி அன்று வானொலி. கருவி ஊருக்குப் பயன்பட்டது, அதன் முன்னால் ஊரை அறிந்த ஒரு நிருபர் உட்கார்ந்திருந்ததால்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1971இல் இதே ஊரில் பிறந்த ‘ஸ்டார்’ ஆங்கில நாளேடு வளர்ந்து தலைநகர்ப் பக்கம் போய்விட்டது. நாம் காலையில் பிரிக்கும் தமிழ் நாளேடுகள் கோலாலம்பூரில் தயாராகின்றன. 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஒரு நூற்றாண்டைத் தொட இருந்த ஏடு அது. அந்த நாளின் வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஏன் இப்படி ஆனது? இளைஞர்கள் படிப்பதில்லை என்று சொல்வது பாதிப் பதில். மீதிப் பாதி வருமானத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையைத் தாங்கியவை பெரும்பாலும் தீபாவளி வாழ்த்து விளம்பரம், திருமண வாழ்த்து, மரண அறிவிப்பு, ஆண்டு நினைவஞ்சலி. இன்று அப்பா இறந்தால் மகன் படத்தோடு ஓர் அறிவிப்பைத் தயார் செய்து புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறார். சிரம்பானில் இருக்கும் அத்தைக்கும் மெல்பர்னில் இருக்கும் தம்பிக்கும் உடனே தெரிந்துவிடுகிறது, காசும் செலவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவிப்புக்குக் கிடைத்துவந்த பணத்தில்தான் பட்டர்வொர்த்தில் ஒரு பகுதிநேர நிருபருக்குப் பெட்ரோல் செலவு கொடுக்கப்பட்டது. கடைக்காரரின் விளம்பரப் பணமும் இப்போது கூகுளுக்கும் முகநூலுக்கும் போகிறது. அந்த நிறுவனங்கள் பட்டர்வொர்த்துக்கு நிருபர் வைப்பதில்லை.

நிருபர் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ‘நேற்றிரவு கடையில் தீ, மூவர் பலி, எல்லாருக்கும் பகிரவும்’ என்று ஒரு தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்க் கடை, எந்தத் தேதி, எதுவும் இல்லை. படம் வேறு நாட்டுடையதாகவும் இருக்கலாம். நாம் அனுப்பிவிடுகிறோம். நிருபர் தீயணைப்புத் துறையான பொம்பாவுக்கு அழைத்து எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது என்று கேட்கிறார். போலீசில் கேட்கிறார். பிறகு நேரில் போய் எதிர்க் கடைக்காரரிடம் நிற்கிறார். இறந்தவரின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிக்கொள்கிறார். குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று உறுதி செய்யாமல் அந்தப் பெயரை வெளியிடுவதில்லை. மூவர் இல்லை, ஒருவர்தான் இறந்தார் என்று அவர் எழுதும்போது மற்ற இரண்டு குடும்பங்களின் பதைப்பு அடங்குகிறது. பத்திரிகைக் கலை என்று நான் சொல்வது இந்த விசாரிப்பைத்தான். மொழிநடை அதற்குப் பிறகு வருவது.

இணையம் இந்தக் கலையை அழித்துவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. 1999இல் தொடங்கிய ‘மலேசியாகினி’ அச்சு உரிமம் தேவைப்படாத இணைய வெளியில் துணிந்து எழுதிக் காட்டியது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் இட்ட 5 கருத்துகளுக்காக அதற்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. சில மணி நேரத்துக்குள் வாசகர்களே அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். நல்ல செய்திக்கு மலேசியர்கள் பணம் கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தமிழிலும் ‘செல்லியல்’, ‘வணக்கம் மலேசியா’ போன்ற இணையத்தளங்கள் வந்தன. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்து வரும் நேரலையை வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். அதுவும் பத்திரிகைத் தொழிலின் பேறுதான்.

என் மனக்குறை வேறு. நேரலை எடுக்கப் பலர் வருகிறார்கள். கேள்வி கேட்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். தலைவர் காசோலை வழங்கும் படம் வருகிறது. அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு எதற்காகச் செலவானது என்று ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தவர் யார்?

பினாங்கில் இது முக்கியமான கேள்வி. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் நம் நாட்டில் மறுபடி நடக்கவே இல்லை. மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. வாக்கு இல்லாத இடத்தில் மக்களின் கண் பத்திரிகைதான். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலன்றி, கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும். அதாவது கதவு திறந்திருக்கிறது. அங்கே தமிழில் குறிப்பெடுக்க ஓர் ஆள் உட்கார வேண்டும்.

அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். ஆலய நிர்வாகங்கள், தமிழ்ச் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், லிட்டில் இந்தியா வணிகர்கள் எல்லாரும் சேர்ந்தால் இந்த மாநிலத்துக்கு ஒரு முழுநேர நிருபரை வைத்துக்கொள்ள முடியும். பணம் கொடுத்தவரைப் பற்றியும் அவர் எழுதலாம் என்று முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எழுதுவதை எந்த ஏடும் இணையத்தளமும் வானொலியும் எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த நிருபருக்கான முதல் வேலையை நானே சொல்கிறேன். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த வெளிநாட்டவர். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த ஆணையத்தின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை, இன்று மலைச்சரிவில் நடக்கும் கட்டுமானங்களை யார் போய்ப் பார்வையிடுகிறார்கள் என்று அவர் விசாரித்து நமக்குத் தமிழில் எழுதட்டும்.