உரிமத்தை இரவல் கொடுத்தல்

(விழுப்புரம், திண்டிவனம் கிளைச் சங்கங்களின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருந்தனர். அதனை அடுத்த கூட்டத்திற்கு வைத்துக்கொள்ள அவையோர் பொறுத்தருள்க. சென்ற மாதம் நிகழ்ந்த ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாமையின், அதனையே இன்று சொல்லத் துணிந்தோம்.

திண்டிவனத்தில் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன், நம் சங்கத்துக் குடும்பத்துப் பிள்ளை, டிப்ளமா முடித்து, மின் கண்காணிப்பாளர் தகுதிச் சான்றிதழும் பெற்றுள்ளான். தந்தையை இழந்தவன், தங்கையின் திருமணக் கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு மாலை அவன் அன்னையாருடன் எம் இல்லம் போந்து, "ஐயா, வேற்று மாநிலத்துக் கம்பெனி ஒன்று நம் பக்கத்தில் வேலை எடுத்திருக்கிறது. என் சான்றிதழைக் கொடுத்தால் மாதந்தோறும் பணம் தருவார்களாம். நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை, பெயர் இருந்தாற் போதுமாம்" என்றான். அன்னையார் எம் முகத்தையே நோக்கியிருந்தார். எமக்கு உடனே விடை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

பெயருக்கு மட்டும் ஒரு கம்பெனி பணம் தருவானேன்? 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதி, மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரது நேரடி மேற்பார்வையில் செய்தல் வேண்டும் என்றது. விளக்கு, விசிறி, பியூஸ் மாற்றுதல் போன்ற சிறு வேலைகளுக்கு மட்டும் விலக்களித்தது. அவ்விதிகளின் இடத்தில் 2010லும் 2023லும் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் இக்கட்டளையைக் கைவிடவில்லை. சான்று அந்தந்த மாநில அரசு வழங்கியதாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ இருத்தல் வேண்டும். நம் மாநிலத்தில் இதற்குரிய வாரியம் சென்னைக் கிண்டியில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவிலுள்ள புதுச்சேரிக்குச் சென்றாலும், அங்கு ஏற்பு பெறாத சான்று வெறுந்தாளே. ஆகவே எல்லை கடந்து வரும் கம்பெனி, முறைப்படி ஏற்பு பெறுதல் வேண்டும். அல்லது இவ்வூர்ச் சான்றாளரை மெய்யாகவே வேலைக்கு அமர்த்துதல் வேண்டும். இரண்டும் காலமும் பொருளும் கேட்பன. மூன்றாவது குறுக்குவழிதான் நம் பிள்ளையின் வாயிலைத் தட்டியது.

"சான்று" என்பதும் "சான்றோன்" என்பதும் சால் என்னும் ஒரே வேரிற் பிறந்தவை. "இரவல்" இரத்தல் என்பதினின்று வந்தது. இவ்விரண்டையும் சேர்த்து எழுதவே எம் கைக்குக் கூசுகிறது. பண்டிதர் பேச்சு என்று இளைஞர் நகைப்பர், நகைக்கட்டும். சட்டத்தையே கேளுங்கள்.

நேரடி மேற்பார்வை என்று விதி சொல்ல, இவன் வீட்டிலிருப்பான். சோதனை அறிக்கையில் மட்டும் இவன் கையெழுத்து நிற்கும். தரையிணைப்புச் சரியில்லாத எந்திரத்தைத் தொட்டு ஒரு கூலியாள் மாண்டால், முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அத்தாளே. கவனக்குறைவால் உயிர் போக்கியதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு ஈராண்டு வரை சிறை விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதையின் 106ஆம் பிரிவு அதனை ஐந்தாண்டு வரை உயர்த்தியுள்ளது. கம்பெனி தன் ஊர் போய்ச் சேரும். இவன் திண்டிவனத்தில்தானே இருப்பான்? சொன்ன பணத்தைத் தராவிடினும் வழக்காட இயலாது. சட்டம் தடுத்த நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. சீனக் கட்டுமானத் துறையில் இதனைச் "சான்றிதழைத் தொங்கவிடுதல்" என்றே வழங்குவர். 2018இல் அந்நாட்டு அமைச்சகங்கள் பல ஒன்றுகூடி இதனை ஒடுக்கப் புகுந்தன. நம்மூர் மருந்துக் கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருத்தலை நீங்கள் கண்டதில்லையா?

இனி எம் கதை. இருபது ஆண்டுகளுக்கு முன் பண்டிதப் பயிற்சி முடித்து வேலையின்றி இருந்தபோது, ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர் பட்டியலில் எம் பெயரை எழுத இசைந்தோம். ஆய்வு நாளில் மட்டும் சென்று அமர்ந்தோம். ஐந்நூறு ரூபாய் தந்தனர். அவ்வாண்டு அங்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தந்தவர் எவர் என்பதை யாம் கேட்கவுமில்லை. வாய் அடைத்தது அதனால்தான்.

இதனை மறையாது அவ்விருவரிடமும் சொன்னோம். அன்னையார், "நீங்களே செய்தீர்களா ஐயா?" என்றார். "செய்தோம் அம்மா" என்றோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவன், "மெய்யாகவே வேலைக்கு வருகிறேன் என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்று எழுந்தான். கேட்டான், கம்பெனியிலிருந்து விடை வரவில்லை. இப்போது விழுப்புரத்து ஒப்பந்தக்காரர் ஒருவரிடம், அவர்கள் சொன்ன தொகையைவிடச் சற்றே மிகுந்த சம்பளத்திற்கு, காலை ஏழு மணிப் பேருந்தில் போய் வருகிறான். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கிறது.

அக்கடனை நம் சங்க நிதியிலிருந்து குறைந்த வட்டிக்கு மாற்றித் தருமாறு எழுதிய விண்ணப்பத்தை இன்று செயலாளரிடம் கொடுத்துள்ளோம். பிணையாக எம் பெயரை எழுதியுள்ளோம். இம்முறை அப்பெயருக்குரியவர் நேரில் நிற்கிறார்.