பெசன்ட் அம்மையார் ஸ்கூல் போர்டு அங்கத்தினராக இருந்த மூன்று வருஷங்கள்

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

காரியதரிசி என்னைப் பேசச் சொன்னபோது, "பென்ஷன் விதிகளைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று ஒரு நிபந்தனை போட்டார். அதை மீறமாட்டேன்.

சென்னைக்குப் போனால் பெசன்ட் நகரில் தம்பி வீட்டில்தான் தங்குவேன். போன தடவை அவன் பேரனிடம், "பெசன்ட் யார், தெரியுமா?" என்று கேட்டேன். "பீச்சுக்கு வைத்த பேர், தாத்தா" என்றான். பெரியவர்களைக் கேட்டால் அடையாறு தியாஸபிகல் சொஸைட்டி, ஹோம் ரூல், 1917-ல் காங்கிரஸ் தலைமை என்று சொல்வார்கள். காசியில் இருந்தவர்கள் 1898-ல் அவர் ஆரம்பித்த சென்ட்ரல் ஹிந்து காலேஜைச் சொல்வார்கள். இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால், லண்டனில் ஒரு ஏழைப் பேட்டையில் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டு, பள்ளிக்கூட போர்டு அங்கத்தினராக அவர் ஜெயித்ததை யாரும் சொல்வதில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தில் 1870-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. போதுமான பள்ளிக்கூடங்கள் இல்லாத ஊர்களில் ஸ்கூல் போர்டு அமைத்து, வரி வசூலித்துப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று ஏற்பாடு. அங்கத்தினர்களை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரி கட்டுவோர் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளம் கிடையாது. பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கூல் போர்டிலோ முதல் நாளிலிருந்தே பெண்கள் ஓட்டும் போடலாம், நிற்கவும் நிற்கலாம்.

லண்டனில் முதல் தேர்தலில் மேரிலிபோன் தொகுதியில் எலிசபெத் காரெட் என்ற பெண் டாக்டர் 47,858 ஓட்டு வாங்கி முதலாவதாக வந்தார். அதே தொகுதியில் அவருக்குப் பின்னால் வந்து ஜெயித்தவர் டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி. ஸயன்ஸ் படித்த எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். அவ்வளவு பெரிய விஞ்ஞானி பள்ளிக்கூடப் பாடத்திட்டத்துக்காக ஓட்டுக் கேட்டு நின்றிருக்கிறார்!

ஓட்டு எண்ணும் முறை விசித்திரமானது. தொகுதியில் ஐந்து இடம் என்றால் ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு. பிரித்தும் போடலாம், ஐந்தையும் ஒருவருக்கே குத்தலாம். ஆகவே பதினைந்தாயிரம் ஓட்டு என்றால் பதினைந்தாயிரம் பேர் என்று அர்த்தமில்லை. மூவாயிரம் பேராகவும் இருக்கலாம். சர்வீஸில் நாலைந்து தேர்தல்களில் வாக்குச்சாவடி அதிகாரியாக உட்கார்ந்தவன் நான். இப்படி ஒரு எண்ணிக்கையை என் தலையில் கட்டியிருந்தால் அன்றே வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்திருப்பேன்.

இனி அம்மையார் விஷயம். பாதிரியாரின் மனைவி. மத நம்பிக்கை போய், 1873-ல் கணவரைப் பிரிந்தார். 1877-ல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு பழைய பிரசுரத்தை மறுபடி அச்சிட்டார். ஆபாசம் என்று வழக்கு வந்தது. தண்டனை மேல் கோர்ட்டில் ரத்தாயிற்று. ஆனால் அதே காரணங்களைக் காட்டி 1878-ல் கோர்ட் அவருடைய சின்னப் பெண்ணை அவரிடமிருந்து பிரித்துத் தகப்பனாரிடம் ஒப்படைத்தது. குழந்தையை வளர்க்க லாயக்கில்லாதவள் என்று நாடறியச் சொன்ன மாதிரிதான்.

அதற்குப் பிறகு லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு ஸயன்ஸ் படிக்க உட்கார்ந்தார். தாவரவியலுக்காக ரீஜண்ட்ஸ் பார்க் தோட்டத்தைப் பார்க்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. தோட்டப் பொறுப்பாளரின் பெண்கள் அங்கே உலாவுவார்களாம், அதுதான் காரணம்! கடைசிவரை பட்டம் வாங்கவில்லை.

1888 ஜூனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலைமையைத் தம் பத்திரிகையில் எழுதினார். வெள்ளைப் பாஸ்பரஸ் விஷத்தில் தாடை எலும்பே அழுகிப்போகும் தொழில் அது. அடுத்த மாதம் சுமார் 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சில வாரங்களிலேயே கம்பெனி இறங்கி வந்தது. தொழிற்சாலை இருந்த 'போ' என்ற இடம் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் அடக்கம். அந்த வருஷம் நவம்பரில் ஸ்கூல் போர்டு தேர்தல். ஐந்து இடங்களுள்ள அந்தத் தொகுதியிலேயே நின்றார். வயது 41.

அந்த இலையுதிர் காலத்தில்தான் வைட்சேப்பல் தெருக்களில் 'ஜாக் தி ரிப்பர்' கொலைகள் நடந்தன. அதுவும் அதே தொகுதிதான். இருட்டினால் ஜனங்கள் வெளியே வரப் பயந்த பேட்டையில் ஒரு பெண்மணி பிரசாரம் செய்திருக்கிறார். அவர் கேட்டவை இலவசக் கல்வி, மதப் போதனை இல்லாத கல்வி, பசிக்கும் குழந்தைக்கு ஒரு வேளையாவது சாப்பாடு, போர்டு காண்ட்ராக்டர்கள் தொழிலாளிக்கு நியாயமான கூலி.

பழைய வழக்கை எதிரிகள் விடுவார்களா? அந்தப் பகுதிப் பாதிரியார் ஒருவர் விட்ட துண்டறிக்கைக்காக அம்மையார் அவதூறு வழக்கே போட வேண்டி வந்தது. அப்படியும் 15,000-க்கு மேல் ஓட்டு வாங்கி, தொகுதியில் முதலாவதாக வந்தார். சொந்தப் பெண்ணை வளர்க்கத் தகுதியில்லை என்று கோர்ட் சொல்லிப் பத்து வருஷத்தில், ஊரார் தங்கள் குழந்தைகளின் படிப்பை அவர் கையில் கொடுத்தார்கள். இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

ஜெயித்தபின் நினைத்ததெல்லாம் நடந்துவிடவில்லை. 55 பேர் கொண்ட போர்டில் அவர் ஒருவர். நியாயக் கூலி விஷயம் 1889-லேயே தீர்மானமாயிற்று. பள்ளிக்கட்டணத்தை எடுக்கப் போர்டுக்கு அதிகாரமில்லை. வாரத்துக்கு 9 பென்ஸ் வரை வாங்க சட்டமே இடம் கொடுத்திருந்தது. 1891-ல் பார்லிமெண்ட் மானியம் கொடுத்த பிறகுதான் பெரும்பாலான பள்ளிகளில் இலவசமாயிற்று. சாப்பாடு இன்னும் சிக்கல். 1889-ல் போர்டின் கமிட்டி கணக்கெடுத்ததில் 43 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வழக்கமாகப் பசியோடு வகுப்புக்கு வந்தார்கள். ஆனால் வரிப்பணத்தில் சோறு போடச் சட்டம் இடம் தரவில்லை. தர்ம ஸ்தாபனங்கள்தான் போட்டன. சட்டம் வந்தது 1906-ல். அப்போது அம்மையார் இந்தியாவுக்கு வந்து பதின்மூன்று வருஷமாகிவிட்டது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1920-ல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் டிபன் கொடுக்கத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராய செட்டியார். அரசியலில் அம்மையாரின் பரம எதிரி. பசித்த குழந்தை விஷயத்தில் இருவருக்கும் ஒரே புத்தி. நம் கூட்டங்களில் செட்டியார் பெயர் அவ்வளவாக அடிபடாது. அதனாலேயே சொல்கிறேன்.

1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பெரிய புத்தகம் மதிப்புரைக்கு வந்தது. வாழ்க்கை திசை மாறியது. 1891-ல் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. பிரிக்கப்பட்ட பெண் வயது வந்ததும் தானாகவே தாயாரிடம் திரும்பி வந்தாள்.

கடைசியாக என் விஷயம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிகளில் நிர்வாகக் கமிட்டி உண்டு. முக்கால் பங்கு பெற்றோர்கள், மீதியில் உள்ளூர்க்காரர்களும் இருக்கலாம். நான் ரிடையரான மறு வருஷம், பக்கத்து நகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை வீடு தேடி வந்து, கமிட்டியில் இருக்கச் சொன்னார். "பாலிடிக்ஸெல்லாம் நமக்கு எதற்கு" என்று மரியாதையாக மறுத்து, காப்பி கொடுத்து அனுப்பினேன். ஆத்துக்காரி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள், பெற்றோர் என்ற முறையில் அந்தக் கமிட்டியில் சேர்ந்தார். ஒரு நாள் மதிய உணவுக் கணக்கைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "சாஹேப், இது சரியா?" என்று மராத்தியில் கேட்டார். கீழ் வகுப்புக் குழந்தைக்கு நாளுக்கு 20 கிராம் பருப்பு. வந்த குழந்தைகள் 112. இரண்டேகால் கிலோ இருக்க வேண்டும். ஒன்றரை என்று எழுதியிருந்தது. பெருக்கிக் காட்டினேன். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து கேட்டிருக்கிறார். இப்போது மாதா மாதம் காகிதத்தோடு வருகிறார். வருகிற திங்கட்கிழமை கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார், கால்குலேட்டரோடு.